முதல் லாரிக்குத் தண்ணீர் கொடுத்தவர்

எங்கள் வார்டு கிராமசபை பள்ளிக்கூடத்து ஹாலில் நடக்கும். பஞ்சாயத்து உத்தியோகஸ்தர் மலையாளத்தில் அந்த வருஷத்துக் காரியங்களை வாசித்து முடித்துவிட்டு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஹாலில் பாதிப் பேர் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். அங்கே எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், எழுந்திருப்பதற்காக இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருப்பார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. மொதத் தப்பு என்னுதுங்க."

ஹால் சிரிக்கும். "ஆரம்பிச்சுட்டாருங்க" என்று பின்னால் யாராவது சொல்வார்கள். வார்டு மெம்பர் குனிந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். நானும் சிரித்திருக்கிறேன். சிரிப்பு அடங்கும்வரை, மழை விடட்டும் என்று கடையோரம் ஒதுங்கி நிற்கிறவரைப் போல, அவர் கோபமில்லாமல் நின்றுகொண்டிருப்பார்.

எந்தப் புகாரைச் சொன்னாலும் அவருக்கு ஆரம்பம் அதுதான். தெருவிளக்கு எரியவில்லை என்றால், "மொதத் தப்பு என்னுதுங்க. அது அணைஞ்சு ரெண்டு மாசமாச்சு. நான் தெனமும் அதுக்கு அடியிலதான் நடந்து போனேன், ஆருகிட்டயும் சொல்லல" என்பார். ரேஷன் அரிசியில் புழு என்றால், "மொதத் தப்பு என்னுதுங்க. போன மாசமே புழு இருந்துது. கோழிக்குப் போட்டுட்டுப் பேசாம இருந்துட்டேன்" என்பார். அதற்குப் பிறகுதான் விளக்கைப் போடுங்கள், அரிசியை மாற்றுங்கள் என்று கேட்பார். வேடிக்கை என்னவென்றால், அவர் கேட்டது பெரும்பாலும் நடந்துவிடும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் தங்களைக் கடித்த மாதிரி தோன்றாது. விளக்கு எரியும். சத்தம் போட்டுவிட்டு வெளிநடப்புச் செய்தவர்களின் தெருவில் இருட்டு அப்படியே இருக்கும்.

எலப்புள்ளியிலிருந்து கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகிற தடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பனைமரமும் கறுப்பு மண்ணும் காற்றும்தான் இங்கே தாராளம். அவருடைய தோட்டம் எங்கள் வடக்கு வேலி. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை, அதனால் எனக்கு மாமா. அவர் என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். எங்கள் வார்டுப் பெண்களின் சுய உதவிக் குழுவுக்கு, இங்கே அயல்கூட்டம் என்பார்கள், நான் செயலாளர். கிராமசபைக்கு ஆள் சேர்ப்பது எங்கள் தலையில் விழுந்த வேலை. ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது என்பதால், வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டிவருவோம். வந்தவர்கள் வாசலில் இருக்கிற பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், டீயும் பருப்புவடையும் வாங்கிக்கொள்வார்கள், அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். அதைப் பார்த்து அவருக்கு வருத்தம்.

"சாமி கும்புட வந்துட்டு, வாசல்ல செருப்ப மட்டும் உட்டுட்டுப் போற மாதிரியில்ல இருக்குது அம்மிணி" என்பார்.

அவருடைய வீட்டில் இந்தப் பழக்கத்துக்கு மரியாதை கிடையாது. "சோத்துல உப்பு இல்லீன்னாலும் மொதத் தப்பு என்னுதும்பாரு" என்பார் அத்தை. "ஆனா எந்திரிச்சுப் போயி உப்பு எடுத்துட்டு வரமாட்டாரு." அதைச் சொல்லும்போது அவரும் கூடவே உட்கார்ந்து சிரிப்பார்.

அந்த வீட்டுக்கு ஒரு மாடி உண்டு. கைப்பிடிச் சுவரும் கம்பி வேலைப்பாடுமாக, எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு மாடி இல்லை. அவர் அதற்கு 'லாரி மாடி' என்று பேர் வைத்திருந்தார். ஏறமாட்டார். வைக்கோலும் பழைய மோட்டாரும் அங்கே கிடந்தன. விருந்தாளி யாராவது மாடி நன்றாயிருக்கிறதே என்று சொல்லிவிட்டால் போதும், அவர் அது எப்படி வந்தது என்று முழுவதையும் சொல்லிவிடுவார். விருந்தாளி காபித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

அது வந்த விதம் இதுதான். ஒரு கோடையில், கஞ்சிக்கோட்டுப் பக்கம் கட்டட வேலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒருவர் லாரியில் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வார்டிலேயே வற்றாத போர்க்கிணறு மாமாவுடையது. தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்று கொடுத்தார். "கேட்டாங்க, குடுத்தேன். காசு குடுத்தாங்க, வாங்கிட்டேன். அதுக்கப்பறம் புண்ணியம்ங்கற பேச்சே ஊட்டுல இல்ல அம்மிணி" என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த லாரி வந்தது. அந்தக் காசில் மாடி எழுந்தது. பயிர் வைத்து, களை எடுத்து, விலைக்குக் காத்திருந்து, கடைசியில் கையில் ஒன்றும் நிற்காமல் போவதைவிட, மோட்டார் பொத்தானை அமுக்குவது சுலபம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தோட்டமாக லாரி நுழைந்தது.

இரண்டாவதாக நுழைந்தது எங்கள் தோட்டத்தில். நான் கல்யாணமாகி வந்த புதிது. அந்தத் தண்ணீர்க் காசில்தான் பின்னாளில் என் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் படித்தாள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசுவதில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு மகளோ மாடியோ டிராக்டரோ அந்தத் தண்ணீரில் வந்ததுதான்.

தோட்டமில்லாதவர்களின் கதை வேறு. சாலை வளைவில், காலனிக்கு முன்னால் ஒரு பொதுக்கிணறு இருந்தது. காலனிக்காரர்களுக்கு அது ஒன்றுதான் குடிதண்ணீர். வள்ளியம்மா அங்கே இருக்கிறவள், எங்கள் தோட்டத்துக்கும் மாமா தோட்டத்துக்கும் வேலைக்கு வருகிறவள். வருஷா வருஷம் கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டு முடிபோட்டு நீட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் காலையில் வள்ளியம்மா வேலைக்கு வரும்போது குடத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவர் வாசலில் இறக்கி வைத்தாள். குடத்தில் பாதிக்குமேல் சேறு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தேன்.

அவர் குடத்துக்குள் பார்த்தார். "ஏன் வள்ளி இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா லாரிய நிறுத்தியிருப்பீங்களாங்க?" என்றாள் அவள்.

அவர் மறுநாள் வெல்டிங் ஆளைக் கூட்டிவந்து, போர்க் குழாயின் வாயை இரும்புத் தகடு வைத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குழாயில்தான் அவர் பசுமாட்டைக் கட்டுவது. வாழையையும் நெல்லையும் விட்டுவிட்டு, மழைக்கு வருவது வரட்டும் என்று உளுந்தும் துவரையும் போட்டார். அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை முதன்முதலாக அதற்கடுத்த கிராமசபையில்தான் சொன்னார்.

அவருடைய போராட்டங்களைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். மலையாளத்தில் சமரம் என்பார்களே, அது. ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சாலை வளைவில் தண்ணீர் லாரிகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொள்வார். குடை விரித்துக்கொள்வார். நிற்பதற்கு முட்டி ஒத்துக்கொள்ளாது. லாரி வந்து நிற்கும். "தம்பி, கோவிச்சுக்காத. மொத லோடு குடுத்தவனே நான்தான்" என்பார். டிரைவர்களுக்கு அவரைப் பிடிக்கும். அவரைத் திட்ட அவர்களுக்கு மனசு வராது. பின்னால் எடுத்து வேறு தடத்தில் சுற்றிப் போவார்கள். மதியம் வெயில் ஏறியதும் திரும்பி வருகிற லாரியிலேயே நாற்காலியையும் அவரையும் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் அந்த நாற்காலி சும்மா போகவில்லை. கொஞ்ச நாளில் வள்ளியம்மா வேலைக்குப் போகிற வழியில் அவர் பக்கத்தில் சிறிது நேரம் நின்றாள். அப்புறம் காலனிப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அயல்கூட்டத்திலிருந்து நாங்களும் சிலர் போனோம். எங்கள் வீட்டு போரும் அதற்குள் காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது, விற்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே தர்மத்தின் பக்கம் வந்து நிற்பது எங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

கிராமசபைக்கு முன்னால் வீடு வீடாகப் போவோம், அவரும் வள்ளியம்மாவும் நானும். அவர் திண்டாடிக்கொண்டே படியேறி, தன் தப்பைச் சொல்லிவிட்டு, ஒரு கேள்வி கேட்பார்.

"என்னுதச் சொல்லீட்டேன். உங்களுது என்னங்க?"

மிரட்டுகிற தொனியே இருக்காது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் சௌக்கியம் கேட்பது போலத்தான் கேட்பார். ஆனால் அதைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்கு ஏதோ வேலை நினைவுக்கு வந்துவிடும். ஒருவர் மோர் குடிக்கிறீர்களா என்பார். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறது, பார்த்துப் போங்கள் என்பார். அவர் தன்னைத் திட்டிக்கொள்வதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்க ஊர் தயாராக இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைக் கோயில் கமிட்டியில்கூடப் போட்டிருப்பார்கள்.

"மாமா, அந்தக் கேள்வி வேண்டாமுங்க. ஆளு சேர மாட்டேங்கறாங்க" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஆளு சேந்து என்ன பண்றது அம்மிணி? ஒவ்வொருத்தரும் நான் பண்ணலன்னுட்டே வந்து நின்னா, அப்பறம் லாரி எங்கிருந்து வந்துது?"

அப்படிக் கேட்கிறவர், எங்கள் வீட்டுப் படியில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எத்தனையோ முறை வந்திருக்கிறார். என் கையால் காபி குடித்திருக்கிறார். என் முகத்தைப் பார்ப்பார், தம்ளரைக் கீழே வைப்பார், மாட்டைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டுப் போய்விடுவார். என்மேல் வைத்த பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கும் உள்ளூர அது எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் தண்ணீர் கான்ட்ராக்டர் பொதுக்கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு நிலத்தை வாங்கினார். வெளியூர்க்காரர், நல்ல மரியாதையான ஆள். அங்கே ஆழமாக இரண்டு போர் போட்டு, தொட்டி கட்டி, அங்கிருந்தே லாரிகளை அனுப்பப்போவதாக மனுப் போட்டிருந்தார். அனுமதி கொடுக்கலாமா என்று கிராமசபையில் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகப் பஞ்சாயத்தில் சொன்னார்கள். போர் வந்தால் பொதுக்கிணறு அந்தக் கோடையைத் தாண்டாது. இது எல்லோருக்கும் தெரிந்தது. வள்ளியம்மா வேலை முடிந்து காலனியில் வீடு வீடாகப் போய், ஒருத்தர் விடாமல் வரச் சொல்லியிருந்தாள். நான் அயல்கூட்டத்துப் பெண்களிடம் பேசியிருந்தேன். எதிர்ப்பு இருக்கிறவர்கள் கை தூக்கச் சொல்வார்கள், நான் முதலில் தூக்குவேன், என்னைப் பார்த்து நீங்கள் தூக்குங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் எங்கள் பக்கம்தான் அதிகம்.

கிராமசபைக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"உங்க மாமன நாளைக்கு வாயத் தொறக்க வேண்டாம்னு சொல்லு."

"ஏனுங்க?"

"மொதத் தப்பு என்னுதுன்னு எந்திரிப்பாரு. அந்தக் கான்ட்ராக்டர் உடுவானா? அப்ப ரெண்டாவது ஆருதுன்னு கேப்பான். நம்ம ஊட்டுப் பேரு சபையில வரோணுமா?"

எனக்கு அவர் சொன்னது சரி என்று பட்டது. அப்போது நான் எனக்கு வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டேன். காரியம் கெட்டுவிடக்கூடாது, எதிராளி கையில் நாமே கத்தியைக் கொடுக்கக்கூடாது என்று. மதியமே வேலியைத் தாண்டிப் போனேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கு ஒரே ஒரு நாளைக்கு அதச் சொல்லாதீங்க."

"எத அம்மிணி?"

"மொதத் தப்புன்னு எப்பவும் சொல்வீங்களே, அது. அவங்க அதையே பிடிச்சுக்குவாங்க. நீங்க பேசவே வேண்டாம். கைய மட்டும் தூக்குங்க, போதும்."

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எப்போதும் எங்கள் படியில் நின்று பார்க்கிற அதே பார்வை. நான் மாட்டைத் தடவிக்கொடுத்தேன்.

"அதச் சொல்லாமப் பேசறதுக்கு எனக்கு வராது" என்றார். அரிவாளைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "செரி. நீ சொல்றயேன்னு இருக்கறேன்" என்றார்.

மறுநாள் ஹால் நிறைந்துவிட்டது. ஒருவர்கூடப் பின்வாசல் வழியாகப் போகவில்லை. காலனிக்காரர்கள் வழக்கம்போலப் பின்னால், சுவரோரம் நின்றார்கள். உத்தியோகஸ்தர் மனுவை வாசித்தார். மெம்பர் பட்டும்படாமலும் ஏதோ சொன்னார். கான்ட்ராக்டர் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

"நான் புதுசா ஒண்ணும் கேக்கலீங்க. இத்தன நாளு நீங்க பண்ணதத்தான் நானும் பண்ணப்போறேன். இந்தச் சபையில தோட்டம் இருந்தும் தண்ணி விக்காதவங்க ஆராச்சும் இருந்தாக் கை தூக்குங்க. நான் இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன்."

ஒரு கையும் எழவில்லை. பின்னாலிருந்து வள்ளியம்மாவின் குரல் வந்தது. "நாங்க விக்கலீங்க."

"விக்கறதுக்கு உங்ககிட்ட என்னம்மா இருக்குது?" என்றார் கான்ட்ராக்டர், சிரித்த முகமாகவே.

சிலர் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. என் உதடு என்ன செய்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பின் நடுவில் ஜன்னலோரத்துப் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அவருடையது. எதிர்ப்பு இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று உத்தியோகஸ்தர் இன்னும் கேட்கவேயில்லை. அவர் முந்திக்கொண்டார். கான்ட்ராக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்க எதுக்குங்க எதிர்க்கறீங்க? நீங்க வித்ததில்லீங்களா?"

இத்தனை வருஷமாக அவர் யாரும் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்வி அது. முதன்முறையாக ஒருவர் அதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். ஹால் முழுவதும் அவரைப் பார்த்தது. சிரிப்பதற்குக்கூட யாரும் தயாராக இல்லை. 'ஆமாங்க, மொதத் தப்பு என்னுதுங்க, அதனாலதான் எதிர்க்கறேன்' என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அந்த ஆளின் கையில் அதற்குமேல் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர் இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். சொல்லட்டுமா என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு தலையசைப்பு போதும். அவர் சொன்னால் அடுத்து வருகிற பேர் எங்களுடையது என்பதும் எனக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது. நான் குனிந்து மடியில் இருந்த சேலை முந்தானையைப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அவர் கைகள் முழங்காலை விட்டு மடியில் கிடந்தன.

உத்தியோகஸ்தர், எதிர்ப்பு உண்டோ என்று கேட்டார். சுவரோரத்தில் காலனிக்காரர்களின் கைகள் எல்லாம் எழுந்தன. என் பெண்கள் என் கையைப் பார்த்தார்கள். தூக்கினால் கான்ட்ராக்டர் என்னிடமும் அதையே கேட்பார். என் கை மடியிலேயே இருந்தது. அவர்கள் கைகளும் அப்படியே இருந்தன. பெரும்பான்மைக்கு எதிர்ப்பில்லை என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே டீ ஆறிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அவரைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கலாமுங்க" என்றேன். இதைவிடக் கேவலமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அதுதான் வந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு சொல்றேன் அம்மிணி. இத்தன வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் நான் அதச் சொல்லாம உக்காந்திருந்தேன். ஊட்டுக்கு வந்து நல்லாச் சாப்புட்டேன், நல்லாத் தூங்கினேன். சொல்லாம இருந்தாச் சொகமாத்தான் இருக்குது. நீங்க எல்லாரும் எப்படி இருக்கறீங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப்போய்ச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கிராமசபைக்கு வராமல் இருந்ததில்லை. வருவார், கையெழுத்துப் போடுவார், டீ வாங்கிக் குடிப்பார், பின்வாசல் வழியாகப் போய்விடுவார். வாசலில் செருப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறவர்களில் ஒருவராக ஆகிவிட்டார். சிவப்பு நாற்காலி மாட்டுத் தொழுவத்தில் தவிட்டு மூட்டைக்குக் கீழே போனது. சாலை வளைவில் லாரிகள் நிற்காமல் போயின, டிரைவர்கள் அவரைப் பார்த்தால் கை காட்டினார்கள், அவரும் காட்டினார். ஒருநாள் அவர் லாரி மாடிப் படியில் ஏறிக்கொண்டிருப்பதை வேலியிலிருந்து பார்த்தேன். மேலே போய்க் காற்று வாங்கினார். ஒரு மனிதரை எங்களில் ஒருவராக ஆக்குவதற்கு எனக்கு ஒரே ஒரு மதியம்தான் தேவைப்பட்டிருக்கிறது.

பொதுக்கிணறு அடுத்த கோடையில் வற்றியது. போன ஆடியில், காற்று தகரக் கூரைகளைத் தூக்கிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். வள்ளியம்மா வாசலில் மாடு கட்டியிருந்த குழாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டபோது, "இருக்கட்டுமுங்க" என்றாள்.

இப்போது காலனிக்குப் பஞ்சாயத்து லாரியில் தண்ணீர் கொடுக்கிறது. அந்தத் தண்ணீரைப் பஞ்சாயத்து வாங்குவது, கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற அதே போரிலிருந்துதான். லாரி எந்தெந்த நாள் வருவது, எங்கே நிற்பது என்பதுதான் சென்ற கிராமசபையில் முக்கிய விஷயம். வாசித்து முடித்த உத்தியோகஸ்தர், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் ஹாலில் பாதிப் பேர் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரோ ஒருவருடைய குடை இருந்தது.

நான் எழுந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவள் என் சேலையை இழுத்தாள். எதிர் வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றேன். "ரெண்டாவது தப்பு எங்களுதுங்க. மாமாவுக்கு அடுத்து எங்க தோட்டத்துலதான் லாரி வந்துது. அன்னைக்கு அவரப் பேச வேண்டாம்னு சொன்னதும் நான்தானுங்க."

ஹால் சிரித்தது. "ஆரம்பிச்சுட்டாங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மெம்பர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். எதிரே நின்று கேட்கும்போது அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இதை அவர் அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியாகிவிட்டது, இனி உட்கார்ந்துவிடலாம் என்று பெஞ்சைக் கையால் தடவினேன்.

சுவரோரத்திலிருந்து வள்ளியம்மா பேசினாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கோணுமுங்க" என்றாள். ஹால் அடங்கியது. "செரி, உக்காராதீங்க. நின்னுட்டே இருங்க. மூணாவது ஆருன்னு பாக்கலாம்."